அஞ்சலை வீட்டுக் கொல்லையில் ஒரு காலி இடம்

போன வாரம் எங்கள் தேனீக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு தம்பி படம் போட்டிருந்தார். தேனீப் பெட்டியிலிருந்து கையில் தூக்கிப் பிடித்த ஒரு மரச்சட்டம். அதில் கட்டிய அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும், புது ராணி ஈ வளரும் ராணி அறை. அதன் கீழே கேள்வி: "சார், ராணி அறை வந்திருச்சு. நாளைக்குப் பெட்டியை ரெண்டாப் பிரிச்சிடவா? ஒரு நாள்தான் லீவு, சீக்கிரம் சொல்லுங்க."

நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஒன்பது பேர் பதில் சொல்லிவிட்டார்கள். ஆறு பேர் பிரி என்றார்கள். இரண்டு பேர் பிரிக்காதே என்றார்கள். ஒருவர் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ அனுப்பினார்.

எனக்கு அந்தத் தம்பியின் அவசரம் புதிதில்லை. அவர் வயதில் எனக்கும் அதே அவசரம் இருந்தது. அந்த அவசரத்தில் ஒரு பெண்ணின் வீட்டு மனையே கையைவிட்டுப் போகப் பார்த்தது. ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்லாமல் போட்டால் பத்தாவது பதிலாகப் போய்விடும். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பஸ்ஸில் போகும்போது படித்துக்கொள்ளுங்கள்.

விலங்கியலில் பி.எஸ்சி. முடித்த கையோடு அரசு வேலை கிடைத்தது. காதை மூடும் முடி, தெருவைக் கூட்டும் பெல்பாட்டம், தேனீயின் லத்தீன் பெயரை மூச்சுவிடாமல் சொல்லும் வாய். பயிற்சி மூன்று மாதம், ஒரு மலையடிவாரத்தில். அங்கே நான் வாங்கியவை நூறு கொட்டும் ஒரு சான்றிதழும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேனீ வளர்ப்புக் களப்பணியாளன் என்று நீடாமங்கலம் கிளைக்கு அனுப்பினார்கள். கிளை என்பது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை. ரயில் போகும்போது அலமாரியில் உள்ள தேன் பாட்டில்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எந்த ஊருக்குள் சைக்கிளை விட்டாலும் முகப்பில் இரண்டு கொடிக்கம்பம் நிற்கும். ஒன்றில் கறுப்பு சிவப்பு, ஒன்றில் செங்கொடி. ஒருமுறை பிரிந்து பறந்த தேனீக்கூட்டம் ஒன்று கறுப்பு சிவப்புக் கம்பத்தின் உச்சியில் தாடி மாதிரி தொங்கியது. பிடிக்கப் போன என்னிடம் அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர், "சார், எங்க கம்பத்துல உக்காந்தது, எங்க உறுப்பினர்" என்றார். எதிர்க் கம்பத்துக்காரர் டீக்கடையில் இருந்தபடியே, "கொட்டு வாங்குனப்புறமும் அப்படித்தான் சொல்றீங்களான்னு பார்ப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்த நாட்களும் உண்டு. மற்ற நாட்களில் கூலி, குத்தகை, பினாமி, உச்சவரம்பு என்ற சொற்கள் ஊர்மேல் வெயில் மாதிரி நின்றன.

பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடிசை நிற்கும் மனையே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்ததும் சில ஊர்களில் குடிசைகள் நடக்க ஆரம்பித்தன. நேற்று தோப்போரம் நின்ற குடிசை இன்று வாய்க்காலைத் தாண்டிப் புறம்போக்கில் நிற்கும். யாரும் அடித்ததாகத் தெரியாது. மூங்கிலும் கீற்றும் புதிதாக இருக்கும். குடிசைக்குள் இருப்பவர் மட்டும் பேசமாட்டார்.

எனக்கு மேலதிகாரி எஸ்தர் மேடம். பொறையாறு பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். வயது முப்பத்தைந்து இருக்கும். வெள்ளைப் புடவை, ரப்பர் செருப்பு, லேடீஸ் சைக்கிள், அதன் கூடையில் ஒரு துணிப்பை. பையில் தேங்காய் நார், தீப்பெட்டி, ஒரு சின்ன உளி, எலுமிச்சை சாதம். ஊர்க்காரர்கள் அவரைப் பூச்சியம்மா என்பார்கள். ஒரு மாதத்தில் நான் பூச்சி சாரு ஆனேன்.

அவர் பெட்டி பார்க்கும் விதம் வேறு. முதலில் திறக்கவே மாட்டார். பத்து நிமிஷம் பெட்டிக்குப் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, வாசலில் போகிற வருகிற ஈக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பலகையில் காதை வைப்பார். அப்போது மூச்சை அடக்கிக்கொள்வார், கண்கள் மூடிக்கொள்ளும். மாசி மாதத்து வெயிலில், அறுப்பு முடிந்த நெல்தாளுக்குள் உளுந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்க, தென்னை மரங்களுக்கு நடுவில் ஒரு பெண் மரப்பெட்டியில் கன்னம் வைத்துத் தூங்குவதுபோல் இருக்கும். உள்ளேயிருந்து வரும் சத்தம் தூரத்தில் சோறு கொதிப்பது மாதிரி. நானும் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் வைத்தால் நாம் வெளியே இருக்கிறோமா உள்ளே இருக்கிறோமா என்று மறந்துபோகும்.

பிறகுதான் மூடியைத் தூக்குவார். ஏழு சட்டத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்கு எதிரே பிடிப்பார். முட்டை, புழு, மூடிய அறை, மகரந்தம், தேன். ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லாவற்றையும் திரும்ப வைத்து மூடிவிட்டு, மூடியின் உள்பக்கம் செருகியிருக்கும் அட்டையை எடுப்பார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை உண்டு. வைத்திருப்பவர் பெயர், பெட்டி இருக்கும் இடம், தேதி, குறிப்பு. அரசு முத்திரை குத்திய மஞ்சள் அட்டை. பிரிக்கும் பருவத்தில் குறிப்புப் பகுதியில் அவர் எழுதும் சொற்கள் இரண்டே இரண்டு. பிரிக்கலாம் என்றால் "ஆச்சு". கூடாது என்றால் "இன்னும்".

"மேடம், ராணி அறை மூணு இருக்கு, வாசல்ல ஈ தொங்குது. புஸ்தகத்துல போட்டிருக்கிற எல்லா அறிகுறியும் இருக்கு. ஏன் இன்னும்னு எழுதுறீங்க" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆம்பளை எங்க?" என்றார்.

முழித்தேன்.

"ஆண் ஈ எங்கங்க? பழைய ராணி பாதி ஈயைக் கூட்டிக்கிட்டுப் புதுப் பெட்டிக்குப் போயிடும். இங்க பொறக்கிற புது ராணி ஒரு மத்தியானம் வெளிய பறந்து போய்க் கூடிட்டு வரணும். வானத்துல ஆண் ஈ பறக்கலன்னா அது யாரோட கூடும்? வெறுமனே திரும்பி வந்து முட்டை வைக்கத் தெரியாம உக்காந்திருக்கும். ரெண்டு மாசத்துல பெட்டி காலி."

"அதுவரைக்கும் ராணி அறைய விட்டா கூட்டம் தானாப் பிரிஞ்சு பறந்திடுமே."

"கிள்ளி விடுங்க. ஒரு வாரம் கிடைக்கும். மறுபடியும் கட்டும். மறுபடியும் கிள்ளுங்க."

இது எனக்குக் கோழைத்தனமாகப் பட்டது. நான் கல்லூரி விவாத மேடையில் கோப்பை வாங்கியவன்.

பிரிக்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் இருக்கிறது. பிரிக்கும் நாளில் பழைய பெட்டியை அது நின்ற இடத்திலிருந்து அரை அடி இடப்பக்கம் நகர்த்துவோம். புதுப் பெட்டியை அரை அடி வலப்பக்கம் வைப்போம். நடுவில், பழைய பெட்டி இத்தனை நாள் நின்ற இடம் காலியாக இருக்கும். மேயப்போன ஈக்கள் திரும்பி வரும்போது நேரே அந்தக் காலி இடத்துக்குத்தான் வரும். பழைய வாசல் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில், காற்றில், இல்லாத வாசலைத் தேடிச் சுற்றிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் போய்ச் சேரும். அப்படித்தான் இரண்டு பெட்டிக்கும் வேலைக்கு ஆள் சரிசமமாகக் கிடைக்கும்.

அந்த ஐந்து நிமிஷத்தைப் பார்க்க எஸ்தர் மேடம் எப்போதும் நிற்பார். பொன்தூசு மாதிரி ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கூட்டம் மிதக்கும். "பாருங்க" என்பார். "அதுங்க பெட்டிக்கு வர்றதில்ல. இடத்துக்கு வருதுங்க."

இனி அஞ்சலை. குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்து ஊர். பண்ணையின் தென்னந்தோப்புக்கும் ரோட்டுக்கும் இடையில் மூன்று சென்ட் இருக்கும், அதில் அவள் குடிசை. கணவர் திருச்சிப் பக்கம் ரோடு வேலைக்குப் போயிருந்தார். இவள் நடவு, களை, அறுப்பு. விவசாயத் தொழிலாளிப் பெண்களுக்குப் பெட்டி கொடுக்கும் திட்டத்தில் மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு ஒரு பெட்டி கிடைத்திருந்தது. தென்னை நன்றாகக் காய்க்கும் என்று பண்ணையிலும் ஆட்சேபிக்கவில்லை. குடிசைக்குப் பின்னால் கொல்லையில், நான்கு கால்களையும் நான்கு தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, எறும்பு ஏறாமல் வைத்திருந்தாள். எங்கள் வட்டாரத்தில் அதைவிடச் சுத்தமான பெட்டி கிடையாது.

அந்த மாசியில் அவள் என்னைப் பார்த்ததும் ராணி அறை பற்றிக் கேட்கவில்லை.

"தாலுக்கா ஆபீஸ் ஆர்.ஐ. புதன்கிழமை வர்றாராம் சாரே. யாரு யாரு எங்க குடியிருக்காங்கன்னு பார்த்து எழுதுவாராம். பண்ணைக் காரியக்காரரு வாய்க்காலுக்கு அக்கரையில ஒரு குடிசை போட்டு வச்சிருக்காரு, அங்க போயிடுங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இந்த மண்ணுல நாலு புள்ள பெத்திருக்கேன், ஒண்ணைப் பொதைச்சிருக்கேன். எங்க போறது?" என்றாள். பிறகு பெட்டியைக் காட்டி, "இதுவாவது ரெண்டாவுமா?" என்றாள். ஒரு பெட்டி பிரிந்து இரண்டாகும் என்றால் அவளுக்கு அது வீடு பெருகுவது மாதிரி.

திறந்து பார்த்தோம். ஐந்து ராணி அறை. வாசலில் ஈ தாடி கட்டியிருந்தது. ஆண் ஈ அறைகள் அப்போதுதான் மூடியிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. எஸ்தர் மேடம் அறைகளைக் கிள்ளச் சொல்லிவிட்டு அட்டையில் "இன்னும்" என்று எழுதினார். நான் நான்கைக் கிள்ளினேன். ஐந்தாவதை, அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது, விட்டுவிட்டேன்.

இப்போது நினைத்தால் அது அஞ்சலைக்காகவா, என் கோப்பைக்காகவா என்று தெரியவில்லை. புதன்கிழமை ஆர்.ஐ. வரும்போது அவள் கொல்லையில் இரண்டு பெட்டி நின்றால் அவள் அங்கே வேரூன்றியவள் என்று தெரியும் என ஒரு கணக்குப் போட்டேன். மேடம் கீழ்வேளூர் பக்கம் போயிருந்த திங்கட்கிழமை, புதுப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு தனியாகப் போனேன்.

அஞ்சலை வைக்கோல் கட்டும் வேலைக்குப் போயிருந்தாள். காத்திருக்கவில்லை. பழைய ராணியோடு மூன்று சட்டத்தைப் புதுப் பெட்டிக்கு மாற்றினேன். மீதி நான்கும் அந்த ஒரு ராணி அறையும் பழைய பெட்டியில். ஒரு கொட்டுகூட வாங்கவில்லை. தோப்புக்குள் காற்று தென்னம்பாளை வாசத்தோடு வந்துபோனது. என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த டெல்டாவில் இல்லை என்று தோன்றிய மத்தியானம் அது.

அப்போதுதான் பண்ணைக் காரியஸ்தர் வந்தார். ராமையா என்று பெயர். சத்தம் போட்டே பேசமாட்டார், துண்டை மடித்துத் தோளில் வைத்திருப்பார்.

"என்ன தேனீ சார், ஒண்ணை ரெண்டாக்கிட்டீங்க. படிப்புன்னா இதான்" என்றார். "ஆனா ரெண்டையும் இங்கயே வைக்காதீங்க. சாயங்காலம் மாடு வந்து மோதும். அக்கரையில புங்கமரத்து நிழல் இருக்கு. நாப்பது அடிதான். ஆளை விட்டுத் தூக்கச் சொல்றேன்."

மாடு என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவருடைய ஆள் புதுப் பெட்டியைத் தலையில் வைத்து, கணுக்கால் தண்ணீரில் வாய்க்காலைக் கடந்து, புங்கமரத்தடியில் வைத்தான். பக்கத்தில் புதுக் கீற்று வேய்ந்த ஒரு குடிசை காலியாக நின்றது. அதை நான் பார்த்தேன். எதற்கென்று யோசிக்கவில்லை.

புது அட்டை எழுதினேன். பெயர்: அஞ்சலை. இடம்: வாய்க்கால் அக்கரை, புங்கமரத்தடி. தேதி, கையெழுத்து, முத்திரை.

"கையெழுத்து முத்து மாதிரி இருக்கே" என்றார் காரியஸ்தர். "இன்னொரு பிரதி குடுங்க சார், பண்ணையிலயும் இருக்கட்டும். மழை கிழை பேஞ்சா?"

மாசி மாதத்தில் எங்கே மழை. எழுதிக் கொடுத்தேன். முத்து மாதிரியே எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முன்பே மேடமும் நானும் போனோம். மேடத்திடம் முந்தின நாள் சாயங்காலம் சொல்லியிருந்தேன், பெருமையாக. அவர் என்னைத் திட்டவில்லை. "இடம்னு என்ன எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். துணிப்பையைக் கீழே வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, எழுதி நிறைந்த பழைய அட்டைகளைத் தேட ஆரம்பித்தார். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் புரிந்தது. அஞ்சலை குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கொல்லையில் பெட்டி இல்லை. கிண்ணங்கள் இருந்த நான்கு வட்டம் மட்டும் மண்ணில் ஈரமாக இருந்தது.

"நேத்து பொழுது சாயுற நேரம் ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க சாரே. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கணும்னு பூச்சி சாரு உத்தரவுன்னாங்க. உங்க கையெழுத்து போட்ட அட்டையக் காட்டுனாங்க" என்றாள். பிறகு மெல்ல, "நீங்க சொன்னீங்கன்னுதான் விட்டேன்" என்றாள்.

நான் அந்த நான்கு வட்டத்தைக் குனிந்து பார்த்தேன்.

ஆர்.ஐ. குடையோடு வந்தார். களைத்த மனிதர். ஒரு காலையில் மூன்று ஊர் பார்க்க வேண்டியவர். காரியஸ்தர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"இந்தக் குடிசை அறுப்புக் காலத்துல ஆள் தங்குறதுக்குப் பண்ணையில போட்டது சார். அஞ்சல போன வருஷமே அக்கரைக்குப் போயிட்டா. தேனீப் பெட்டி, சட்டி பானை எல்லாம் அங்கதான். பதிவு மட்டும் இந்தத் தேனீ சார் போன திங்கள்தான் போட்டாரு. கவர்மெண்டு அட்டை, முத்திரை இருக்கு பாருங்க."

என் முத்துக் கையெழுத்து ஆர்.ஐ. கைக்குப் போயிற்று.

"பொய்யி" என்றாள் அஞ்சலை. "நேத்து ராத்திரி நான் பொங்கித் தின்ன அடுப்பு உள்ள சூடா இருக்கு, கைய வச்சுப் பாருங்க."

"அடுப்பு களத்துலயும் இருக்கும் புள்ள" என்றார் காரியஸ்தர்.

"புள்ளங்காதீங்க காரியக்காரரே. பேரு இருக்கு."

ஆர்.ஐ. பெருமூச்சு விட்டார். எஸ்தர் மேடம் பையிலிருந்து மூன்று வருஷத்து மஞ்சள் அட்டைகளை எடுத்து நீட்டினார். எல்லாவற்றிலும் இடம்: அஞ்சலை வீட்டுக் கொல்லை. எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்து. இந்த வருஷத்து அட்டை மட்டும் பெட்டி மூடியோடு காரியஸ்தரின் ஆட்களிடம் போயிருந்தது. ஆர்.ஐ. அவற்றையும் பார்த்தார், என் அட்டையையும் பார்த்தார்.

"உங்க ஆபீஸ் அட்டைங்க ரெண்டு விதமாச் சொல்லுதேம்மா. போன வருஷமே போயிட்டான்னு அவர் சொல்றாரு. உங்க பழைய அட்டைய வச்சு இப்ப எங்க இருக்கான்னு நான் எப்படி எழுதுறது?"

"பத்து நிமிஷம் கொல்லைப் பக்கம் வந்து நில்லுங்க சார்" என்றார் மேடம். "வெயில் ஏறட்டும்."

போய் நின்றோம். நாங்கள் ஐந்து பேரும், வேலியோரம் சேர்ந்த கூட்டமும். தென்னை நிழல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அந்த நான்கு ஈர வட்டத்தின்மேல் வெயில் விழுந்தது. முதலில் ஓர் ஈ வந்தது. காலில் மஞ்சள் மகரந்தத்தோடு, இடுப்பு உயரத்தில், ஒன்றுமில்லாத காற்றின் முன் நின்றது. பிறகு இரண்டு. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெட்டியிலிருந்து கிளம்பி, உளுந்து வயலுக்குப் போய், பாரத்தோடு திரும்பிய அத்தனையும் அந்தப் பெட்டிக்குப் போகாமல் இங்கே வந்தன. அஞ்சலையின் கொல்லையில், இல்லாத ஒரு வாசலின் முன்னால், வெயிலில் மினுங்கிக்கொண்டு ஒரு கூட்டம் மிதந்தது. அந்தச் சத்தம், சோறு கொதிக்கும் சத்தம், எங்கள் முகத்தருகில் இருந்தது. ஆர்.ஐ. குடையை மெல்லக் கீழே இறக்கினார்.

"என்னம்மா இது?"

"பெட்டி இங்க இருந்துச்சு சார். மேயப் போற ஈ முழுசா ரெண்டு மாசம்கூட வாழாது. போன வருஷம் இங்க இருந்த ஈ ஒண்ணுகூட இப்ப உசுரோட இல்ல. பெட்டி போன வருஷமே அக்கரைக்குப் போயிருந்தா, இங்க வரணும்னு இதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நேத்து பகல் வரைக்கும் இதுங்க வாசல் இதான்."

காரியஸ்தர் சிரித்தார். "ஈயைச் சாட்சிக் கூண்டுல ஏத்துறீங்களேம்மா."

"ஈய எழுத வேணாம் சார்" என்றார் மேடம், ஆர்.ஐ.யைப் பார்த்தே. "நீங்க கண்ணால பார்த்ததை எழுதுங்க."

ஆர்.ஐ. என் அட்டையை மறுபடி எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பார்த்ததை எழுதுவேன். ஆனா இந்த அட்டை பண்ணை கையில இருக்கிற வரைக்கும் நான் எழுதுறது நிக்காது. இது உங்க கையெழுத்துதானே தம்பி? தப்புன்னா தப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மேலிடத்துக்கும் ஒரு பிரதி போகும்."

நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். அரசு ஆவணத்தில் தவறான இடம் எழுதினேன் என்று நானே எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். காரியஸ்தர் அன்பாகத்தான் சொன்னார்: "எதுக்கு சார் வம்பு. சின்ன வயசு, கவர்மெண்டு வேலை."

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. ஈக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று அவள் தோளில் உட்கார்ந்து இளைப்பாறியது.

பேப்பர் வாங்கி எழுத ஆரம்பித்தேன். விவாத மேடைக்காரன் இல்லையா, முன்னுரை, சூழ்நிலை, மாடு, நிழல் என்று ஒரு பக்கம் நிறைந்தது. மேடம் வாங்கிப் படித்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார். "ரெண்டு வரி போதுங்க" என்றார்.

எழுதினேன். அஞ்சலையின் பெட்டியும் வீடும் வாய்க்காலுக்கு இக்கரையில். அக்கரை என்று நான் எழுதியது தவறு.

ஆர்.ஐ. மடித்துக் கோப்பில் வைத்தார். "இந்தப் பெட்டிய எடுத்த எடத்துல வைக்கச் சொல்லுங்க" என்று காரியஸ்தரிடம் சொன்னார். "பாவம், வந்து வந்து சுத்துதுங்க."

தூக்கிப் போன அதே ஆட்கள் பழைய பெட்டியைத் தூக்கி வந்தார்கள். நான்கு ஈர வட்டத்தின்மேல் நான்கு கிண்ணம், கிண்ணத்தில் கால்கள். அஞ்சலை குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். பெட்டி வைத்த கணத்தில் அந்தக் கூட்டம் முழுவதும் காற்றிலிருந்து வாசலுக்குள் இறங்கியது. ஒரு நீண்ட மூச்சை உள்ளிழுத்த மாதிரி.

என் பிரிவு பிழைக்கவில்லை. நான் பிரித்த மூன்று சட்டத்தில் மேய ஆள் இல்லை. நான் விட்ட அறையிலிருந்து வரப்போகும் ராணிக்கு வானத்தில் துணை இல்லை. மேடம் அந்த அறையையும் கிள்ளச் சொன்னார். கிள்ளினேன். பழைய பெட்டிமேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல், அக்கரையிலிருந்து கொண்டுவந்த புதுப் பெட்டியை அடிப்பலகையைக் கழற்றிவிட்டு ஏற்றினோம். தாளைக் கடித்துத் துளைத்து மறுபடி ஒன்றாவதற்குள் ஒன்றின் வாசம் மற்றதற்குப் பழகிவிடும். மூன்று நாளில் கைப்பிடியளவு காகிதத் தூள் வாசலில் கிடந்தது. முதல் பக்கத்துத் தலைப்புச் செய்தி, யாரோ யாரையோ கண்டித்தது, பொடிப்பொடியாக.

என் தகுதிகாண் பருவத்தை ஒரு வருஷம் நீட்டினார்கள். அந்த உத்தரவை மேடம் என்னிடம் கொடுத்தபோது, "நல்லது, இன்னும் ஒரு வருஷம் என்னோட சைக்கிள் மிதிக்கணும்" என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது.

பங்குனி பிறந்தது. வேம்பு பூத்தது, தெருவெல்லாம் கசப்பு வாசம். ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அஞ்சலையின் கொல்லையில் பெட்டிக்குப் பக்கவாட்டில் நாங்கள் இருவரும் குந்தி உட்கார்ந்திருந்தோம். தடித்த, கறுத்த, பெரிய கண்ணுள்ள ஆண் ஈக்கள் குடித்தவர்கள் மாதிரி முட்டி மோதிக்கொண்டு வாசலைவிட்டு வெளியே வந்தன. கனத்த ரீங்காரத்தோடு தென்னைக்கு மேலே எழும்பிப் போயின. மேடம் காதை வைத்தார், மூச்சை அடக்கினார், திறந்தார், மூடினார். அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"நீங்க எழுதுங்க."

ஆச்சு என்று எழுதினேன். பெட்டியைப் பிரித்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தேன். புது அட்டையில் இடம் என்ற வரிக்கு வந்தபோது பேனா நின்றது. அஞ்சலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சாரே, மறந்துட்டீங்களா?" என்றாள். "அஞ்சலை வீட்டுக் கொல்லை. இக்கரை. நல்லா அழுத்தி எழுதுங்க."

அழுத்தி எழுதினேன். மனைப் பட்டா அவள் கைக்கு வர மேலும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. வந்ததும் அதைச் செருகி வைக்க அவள் தேர்ந்தெடுத்த இடம், இடப்பக்கப் பெட்டி மூடியின் உள்பக்கம், எங்கள் மஞ்சள் அட்டைக்குப் பின்னால். "அங்க யாரு கைய விடுவா?" என்றாள்.

தம்பி, இதுதான் கதை. உங்கள் படத்தைப் பெரிதாக்கி மூன்று முறை பார்த்தேன். ராணி அறை அழகாக இருக்கிறது. சட்டம் முழுக்கத் தேடினேன், ஆண் ஈ ஒன்றுகூட இல்லை. லீவை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும்.